ஊறுகாய் பாட்டிலில் கொண்டுபோன சளி

எனக்கு வந்த கிருமிக்கு நோகார்டியா என்று பெயர். அது மண்ணில் இருக்கிறது. நல்ல உடம்புக்காரர்கள் மூச்சில் இழுத்தால் ஒன்றும் ஆகாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் போய் உட்கார்ந்தால் நுரையீரலைத் தின்னும். என்னுடையதைத் தின்றது.

நான் ஐந்தாவது வரை படித்தவள். விரல் சரியாக மடங்காது. அதனால் எழுத்து கோணலாக இருக்கும். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தி இதைப் படித்து, இப்படியும் நடக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

செல்வி ஆறாவது படித்த வருஷம். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று இருக்கும். செல்வி என் ஒரே பெண். என் வீட்டுக்காரர் ஏழுமலை சென்ட்ரலில் பார்சல் ஏற்றி இறக்குகிறவர். பட்டாபிராமில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பவுண்டரியில் மண் சலித்தேன். அங்கே இரும்பைக் காய்ச்சி மண் அச்சில் ஊற்றுவார்கள். ஆறினதும் அச்சை உடைப்பார்கள். அந்த மண்ணை நாங்கள் தட்டி, சலித்து, நனைத்து மறுபடி கொடுக்க வேண்டும். முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வோம். அப்படியும் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

இருபத்தெட்டு வயதில் எனக்குக் கைமூட்டு வலி வந்தது. காலையில் விரல் விரியாது. குடத்தை முழங்கையில் மாட்டித்தான் தூக்குவேன். ஒரு டாக்டர் வாதம் என்று சொல்லி சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். பதினைந்து நாள் சாப்பிட்டுவிட்டு வா என்றார். மூன்றாம் நாளே வலி போய்விட்டது. நான் திரும்பப் போகவில்லை. காலி அட்டையைக் காட்டினால் மருந்துக் கடையில் அதே மாத்திரை கிடைத்தது. டாக்டரைப் பார்க்க அரை நாள் கூலி போகும். கடைக்காரரைப் பார்க்க ஒன்றும் போகாது.

ஆறு வருஷம் தின்றேன். ஒன்று இரண்டானது. இரண்டு நான்கானது. முகம் உப்பி வட்டமானது. தெருவில் எல்லோரும் நான் தேறிவிட்டேன் என்றார்கள். பவுண்டரியில் என்னோடு சலித்த சரோஜா, எந்தக் கடை அரிசி என்று கேட்டாள். அவளுக்கும் முட்டி வலி. நான் அட்டையைக் கிழித்துப் பாதியை அவளிடம் கொடுத்தேன். கடையில் காட்டு என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

பிறகு இருமல் வந்தது. முதலில் மண் தூசி என்று விட்டுவிட்டேன். சாயங்காலம் ஆனால் காய்ச்சல். இரவில் ரவிக்கை நனைகிற மாதிரி வியர்வை. சாப்பாடு இறங்கவில்லை. முகம் மட்டும் உப்பியே இருந்தது. கழுத்துக்குக் கீழே எலும்பு தெரிந்தது. வலது பக்கம் மேலே, முதுகில், மூச்சு இழுத்தால் குத்தும்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்தார்கள். வலது பக்கம் மேலே வெள்ளையாகப் படர்ந்திருந்தது. டிபி என்றார்கள். சளியில் டிபி கிருமி தெரியவில்லை, ஆனால் படத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தைப் பார்த்தால் எவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வெள்ளை மாத்திரையை நான் மருந்தாகவே நினைக்கவில்லை. காலையில் டீ, பிறகு மாத்திரை, பிறகு வேலை. அவ்வளவுதான்.

இரண்டு மாதம் ஊசி போட்டார்கள். டிபி மாத்திரையால் ஒன்றுக்குச் சிவப்பாகப் போனது. காய்ச்சல் மட்டும் விடவில்லை. தெருவில் செய்தி பரவியது. குழாயடியில் என் குடத்தோடு யாரும் குடத்தை ஒட்டி வைக்கவில்லை. செல்வியை ஒரு வீட்டில் டிவி பார்க்க உள்ளே விடவில்லை. அவள் வந்து அதைச் சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். நானாகத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் மாதம் சளியில் ரத்தம் வந்தது. ஏழுமலை அன்று வேலைக்குப் போகவில்லை. என்னைப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

அங்கே காலை ஏழு மணிக்கு வரிசை. பதினோரு மணிக்கு ஒரு டாக்டரம்மா பார்த்தார். நெஞ்சைப் பார்ப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். தோல் காகிதம் மாதிரி இருந்தது, அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது.

"வலிக்கு என்னம்மா சாப்பிடறே?" என்றார்.

இடுப்பில் செருகியிருந்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். எத்தனை நாளா என்றார். ஆறு வருஷம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். அது ஸ்டீராய்டு. உடம்புக்குள் நோயை எதிர்த்துச் சண்டை போடுகிற சக்தி ஒன்று இருக்கிறது. என் வாதத்தில் அந்தச் சக்தியே என் மூட்டைக் கடித்தது. மாத்திரை அதை அடக்கியது, வலி போனது. ஆனால் காவலாளியைத் தூங்க வைத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். அப்படி எதுவோ வந்துவிட்டது. டிபியாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். எது என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் இரண்டு மாதம் போன மாதிரி இன்னும் இரண்டு மாதம் போகும். "உங்கிட்ட அவ்வளவு நாள் இல்லம்மா" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். மாத்திரையை வீராப்பாக இன்றே நிறுத்திவிடாதே. இத்தனை வருஷம் வெளியிலிருந்து போட்டதால் உடம்பு தான் செய்ய வேண்டியதை மறந்துவிட்டது. ஒரேயடியாக நிறுத்தினால் மயங்கி விழுவாய், உயிர் போகலாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். இதை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட் காலியில்லை. அதுவரை சளியைக் கொண்டுவரச் சொன்னார். மூன்று நாள், காலையில் எழுந்ததும் வருகிற முதல் சளி. சுத்தமான மூடி போட்ட பாட்டிலில் அன்றே லேபில் சேர வேண்டும். லேபில் அதை ஒரு வட்டத் தட்டில், கிருமிக்கான தீனியின் மேல் தடவி, சூட்டுப் பெட்டியில் வைப்பார்களாம். விதை போட்டு முளைக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. முளைத்தால் எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரிந்துவிடும்.

தினமும் ரயிலேற எனக்குத் தெம்பில்லை. ஏழுமலை எப்படியும் சென்ட்ரலுக்கு வேலைக்குப் போகிறவர். அவரே கொண்டுபோவதாகச் சொன்னார். வீட்டில் இருந்த ஊறுகாய் பாட்டிலை நான் வெந்நீரில் இரண்டு முறை கழுவி வெயிலில் காய வைத்தேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து, இருமி, துப்பி, மூடிக் கொடுப்பேன். அவர் பேப்பரில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போவார்.

ஒரு வாரம் கழித்து முடிவு வந்தது. ஒன்றும் வளரவில்லை.

டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்தார். இன்னொரு மூன்று நாள் கொண்டுவரச் சொன்னார். ஏழுமலை கொண்டுபோனார். ஒன்றும் வளரவில்லை.

அதற்குள் எனக்குப் படியேற முடியவில்லை. வீட்டுக்குள்ளே ஒரு படிதான். அதற்கே நின்று மூச்சு வாங்கினேன். பெட் கிடைத்தது, சேர்ந்துவிட்டேன்.

வார்டில் என் பக்கத்துப் படுக்கை பாத்திமா அக்கா. வேலப்பன்சாவடி. இருபது வருஷ ஆஸ்துமாக்காரி. வருஷத்தில் இரண்டு மாதம் அந்த வார்டில்தான் இருப்பாள். எந்த நர்ஸ் ஊசி வலிக்காமல் போடுவார், எந்தக் குழாயில் தண்ணீர் வரும் என்று எல்லாம் தெரியும். வந்த அன்றே என்னைப் பார்த்து, "இன்னா தனலட்சுமி, மூஞ்சிய மட்டும் ஊட்ல நல்லா வளர்த்துக்கினு வந்துகீறே" என்றாள். மூன்று மாதத்தில் அன்றுதான் சிரித்தேன். சிரித்தால் இருமல் வந்தது.

புதுப் படம் எடுத்தார்கள். வெள்ளைக்கு நடுவில் ஓட்டை விழுந்திருந்தது. இடது பக்கத்திலும் சின்னதாக ஒன்று தெரிந்தது. ஒரு மருந்தை ஊகத்தில் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்கவில்லை. சளியில் எதுவும் தெரியாததால் நெஞ்சைக் கீறி ஒரு துண்டு எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மறைக்காமல் சொன்னார்கள். ஆறு வருஷ மாத்திரை தின்ற உடம்பில் புண் ஆறுவது கஷ்டம். மயக்கம் கொடுத்தால் திரும்பாமலும் போகலாம். செய்யாவிட்டால் நாளுக்கு நாள் மோசமாகும். புதன்கிழமை என்று குறித்தார்கள்.

சம்மதப் பேப்பரில் ஏழுமலை கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொண்டு போனார். சனிக்கிழமை கேட்டேன். பேனா இல்லை என்றார். ஞாயிற்றுக்கிழமை பாத்திமா அக்கா பேனா கொடுத்தாள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பேப்பரும் அதே பையில் இருந்தது. வியர்வையில் ஓரம் கசங்கியிருந்தது.

அவர் வரும்போது செல்வி ஒரு சீட்டு கொடுத்தனுப்புவாள். "அம்மா, இன்னைக்கு ரசம் வைத்தேன். உப்பு ஜாஸ்தி. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்." அவ்வளவுதான் இருக்கும். அவற்றைத் தலையணை உறைக்குள் வைத்தேன். நான் இல்லாவிட்டால் இவள் உப்பைச் சரி செய்து கற்றுக்கொள்வாள் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை நான் விரும்பவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம், பார்வையாளர் நேரம். ஏழுமலை வேலையிலிருந்து நேராக வந்து படுக்கை ஓரம் நின்றிருந்தார். வயதான ஒருவர் வெள்ளைக் கோட்டுடன் வந்து படுக்கை நம்பரைப் பார்த்தார். டாக்டர் மாதிரி தெரியவில்லை. கோட்டில் நீலக் கறையும் சிவப்புக் கறையும் இருந்தது.

"தனலட்சுமி நீதானேம்மா? நான் லேப்ல இருக்கறவன். உன் சளியில ஒண்ணுமே வளரல."

"டாக்டரம்மா சொன்னாங்க ஐயா."

"இல்லம்மா, அவங்க சொன்னது வேற. நான் சொல்றது ஒண்ணுமேன்னா ஒண்ணுமே. எல்லார் வாயிலயும் சாதாக் கிருமி இருக்கும். என் வாயில இருக்கு, இந்தா இவங்க வாயிலயும் இருக்கு. யார் துப்பினாலும் தட்டுல அதாவது வளரும். உன்னுது ஆறு தட்டு. ஆறும் கழுவித் தொடச்ச மாதிரி கிடக்கு. முப்பது வருஷத்துல நான் இப்படிப் பாத்ததில்ல. நாளன்னிக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கல, வந்துட்டேன். பாட்டில எதுல கழுவினே?"

"வெந்நீர்ல."

"சோடா, டெட்டால் எதுனா?"

"இல்லீங்க."

"கொண்டாந்தது யாரு?"

நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பாமலே சொன்னார்.

"பினாயிலு ஊத்தினேன்."

பாத்திமா அக்கா மூச்சில் இழுக்கிற மருந்தை வாயருகில் வைத்தபடி நின்றுவிட்டாள்.

லேப் ஐயா கோபப்படவில்லை. எவ்வளவு என்று கேட்டார். ரெண்டு மூடி என்றார் ஏழுமலை. எல்லா நாளுமா? எல்லா நாளும். ஏன்?

அதற்கு அவர் சொன்ன காரணத்தை எழுதுவதற்கு முன்னால் அந்த ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டாபிராமிலிருந்து விடிகாலை வண்டி. அவருக்கு அதில் பதினைந்து வருஷமாக ஒரே பெட்டி, ஒரே ஜன்னல், அதே ஆறு பேர். நான்கு பேர் முழங்காலில் துண்டை விரித்துச் சீட்டு ஆடுவார்கள். கொரட்டூர் வருவதற்குள் எல்லோருடைய டிபன் டப்பாவும் திறந்துவிடும். என் டப்பா உன் டப்பா கிடையாது. யார் கை எதில் வேண்டுமானாலும் போகும். ஒருவன் கொண்டுவந்ததை மறைத்தால் அவனை ஒரு மாதம் ஓட்டுவார்கள்.

முதல் நாள் பாட்டிலைப் பையில் வைத்திருக்கிறார். முனுசாமி என்று ஒருவர், அந்தக் கூட்டத்தில் வாயாடி. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் இல்லை என்று இவர் பையைத் தடவியிருக்கிறார். "இன்னா மாமே, ஊறுகாயா? எட்றா வெளியே" என்றிருக்கிறார். இவர் பையைப் பிடுங்கிக்கொண்டு, ஊறுகாய் இல்லை, பினாயில், வேலை செய்கிற இடத்தில் கழுவ எடுத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். முனுசாமி நம்பவில்லை. "பினாயில பேப்பர்ல சுத்தி மடியில வெச்சிக்கினு போறவன இப்பத்தான் பாக்கறேன்" என்று எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நாளைக்கு மோந்து பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள்.

பையிலும் அந்த வாசனை ஏறட்டும் என்று, சென்ட்ரலில் இறங்கியதும் பார்சல் ஆபீஸில் கொஞ்சம் பினாயில் வாங்கி அந்தப் பாட்டிலில் ஊற்றியிருக்கிறார், மூடியிலும் தடவியிருக்கிறார். மறுநாளிலிருந்து வண்டி ஏறும் முன்பே ஊற்றினார். முனுசாமி மோந்தார், நம்பினார். லேப் வராண்டாவில் காலையில் பினாயில் போட்டுத்தான் துடைப்பார்கள். அதனால் அங்கே யாருக்கும் வாசனை தனியாகத் தெரியவில்லை.

"டிபி ஊட்டுக்காரன்னு தெரிஞ்சா என் டப்பாவுல கைய வெப்பானுங்களா ஐயா" என்றார். பிறகு, "அதுவும் இல்லாம, கிருமி செத்துப் போனா பெட்டியில கீறவங்களுக்கு நல்லதுதானேன்னு நெனச்சேன்" என்றார்.

லேப் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செத்துப் போச்சுப்பா. நல்லாவே செத்துப் போச்சு. நமக்குத்தான் அது உயிரோட வேணும்" என்றார்.

உடனே டாக்டரம்மாவிடம் போனார். ஆபரேஷனைப் பத்து நாள் தள்ளி வைத்தார்கள். அதற்குமேல் தள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏழுமலை பேப்பரை எடுத்து நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தார். பாத்திமா அக்காவின் பேனாவையும் கொடுத்தார்.

ஆனால் எனக்குச் சளி வரவில்லை. வார்டுக்கு வந்ததிலிருந்தே நெஞ்சுக்குள் கட்டிக்கொண்டது. வெறும் இருமல்தான். மறுநாள் விடிந்ததும் ஆவி பிடிக்க வைத்தார்கள். லேப் ஐயா கொதிக்க வைத்த பாட்டிலோடு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பாத்திமா அக்கா தன் இளைப்போடு எழுந்து வந்து என் முதுகைத் தட்டினாள். முதலில் வந்ததைப் பார்த்து, "இது எச்சிலுடி. அடியிலேர்ந்து கொண்டா" என்றாள். அரைமணி நேரம் ஆனது. கண்ணில் பூச்சி பறந்தது. கடைசியில் ஒரு ஸ்பூன் வந்தது, பழுப்பாக. லேப் ஐயா அதை நகைப் பெட்டி மாதிரி இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து ஏழுமலை பேசுவதை நிறுத்திவிட்டார். வருவார், நிற்பார், டப்பாவை வைப்பார், போவார். பாட்டில் விஷயத்தில் எத்தனை நாள் வீணாயிற்று என்று அவர் விரல் விட்டு எண்ணியதை ஒருமுறை பார்த்தேன். எண்ணி முடித்துவிட்டு மறுபடி எண்ணினார்.

மூன்றாம் நாள் லேப் ஐயா வந்தார். சாதாக் கிருமி வளர்ந்திருக்கிறது, பாட்டில் நல்ல பாட்டில் என்றார். வேறு ஒன்றும் இன்னும் இல்லை. வழக்கமாக மூன்றாம் நாள் தட்டைக் கொட்டிவிடுவார்களாம். சில கிருமி சோம்பேறி, மெதுவாக எழும். அதனால் இதைக் கொட்ட மாட்டேன், மூலையில் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

நான்காம் நாள் எனக்குத் தலைவலி வந்தது. இந்த மாதிரி நெஞ்சுக் கிருமிகளில் சிலது தலைக்குப் போகும், தலைவலித்தால் உடனே சொல் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். நான் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம். இரண்டு நாள் மறைத்தேன். நெற்றிக்குப் பின்னால் யாரோ சல்லடையை ஆட்டுகிற மாதிரி இருந்தது. என் பெயரை, செல்வி பெயரை, வீட்டுக்குப் போகிற வழியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மறக்கவில்லை என்று தெரிந்ததும் கண்ணை மூடுவேன். பத்து நிமிஷத்தில் மறுபடி சொல்லிப் பார்ப்பேன்.

தலைவலி வந்த மூன்றாம் நாள் பாத்திமா அக்கா கண்டுபிடித்தாள். "அவன் பாட்டில்ல ஊத்தி மறைச்சான். நீ வாய மூடி மறைக்கிறே. நல்ல ஜோடி" என்று சொல்லிவிட்டு அவளே போய் நர்ஸை அழைத்து வந்தாள். தலையைப் படம் எடுக்கிற பெரிய மெஷினில் படுக்க வைத்தார்கள். முடிவு வர ஒரு நாள் ஆனது. ஒரு நாள் என்று எழுதிவிட்டேன். அது அவ்வளவு சின்னதாக இல்லை.

தலையில் ஒன்றும் இல்லை. அது தூக்கமில்லாத தலைவலி.

அன்று ஏழுமலை வந்தபோது நான் சொன்னேன்.

"யோவ், இங்க பாரு. நான் ஆறு வருஷம் மாத்திர தின்னேன். நீ ஆறு நாளு பினாயிலு ஊத்தினே. யாரு பெரிய ஆளு?"

அவர் என்னைப் பார்த்தார். "நீதான்" என்றார். பிறகு படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தார். அந்த வாரத்தில் அன்றுதான் உட்கார்ந்தார்.

எட்டாம் நாள் லேப் ஐயா வேகமாக வந்தார். கையில் மூடிய தட்டு. நோயாளியிடம் காட்டக் கூடாதாம், ஆனாலும் காட்டினார். சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள், பொடியாக, காய்ந்து. இதைத்தான் தேடினோம் என்றார். இதற்கு ஒரு வாசனை உண்டு, புதுமழை பெய்த மண் மாதிரி இருக்கும் என்றார். நான் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேரம் சலித்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஒன்று, இத்தனை பேரை அலைய வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்திருந்தது. பின்னால் வந்த டாக்டரம்மாவிடம், பவுண்டரியிலிருந்து வந்ததா என்று கேட்டேன். அங்கிருந்தும் இருக்கலாம், தெருவிலிருந்தும் இருக்கலாம், மண் எங்கேதான் இல்லை என்றார்.

ஆபரேஷன் வேண்டாம் என்று சீட்டில் கோடு போட்டுவிட்டார்கள்.

இந்தக் கிருமிக்கு டிபி மருந்து கேட்காது. சல்பா என்று ஒரு பழைய மாத்திரை, அதுதான் கேட்கும். பெரிய பெரிய மாத்திரை, ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகத்தில் கல்லாகும். வாந்தி வரும். உடம்பு அரிக்கும். ஒரு வருஷம் விடாமல் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். ஆஸ்பத்திரியில் இல்லாத மாதம் வெளியில் வாங்கினோம். அதற்காக ஏழுமலை சைக்கிளை விற்றார். ஸ்டேஷன் பக்கம்தானே, நடந்தால் போச்சு என்றார்.

சல்பா தொடங்கிய பதினோராம் நாள் சாயங்காலம் காய்ச்சல் வரவில்லை. நர்ஸ் தெர்மாமீட்டரை உதறி இன்னொரு முறை வைத்தார். அப்போதும் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் வராவிட்டால் சொல்லலாம் என்று இருந்தேன்.

ஒன்றரை மாதத்தில் வீட்டுக்கு வந்தேன். வெள்ளை மாத்திரையை டாக்டரம்மா மாதம் அரை அரையாகக் குறைத்தார். முகம் வற்றியது. தெருவில் இப்போது நான் இளைத்துவிட்டேன் என்று பரிதாபப்பட்டார்கள். மூட்டு வலி திரும்ப வந்தது. அதற்கு வேறு மருந்து, வேறு டாக்டர். வலி இருக்கிறது. இருக்கட்டும். பவுண்டரி வேலையை விட்டுவிட்டேன். கடைசியாக ஒருமுறை போனேன், சரோஜாவைப் பார்க்க. நான் கொடுத்த பாதி அட்டையை அவள் இன்னும் கடையில் காட்டிக்கொண்டிருந்தாள். அவளை அடுத்த வியாழக்கிழமை கையைப் பிடித்து டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நேரத்தில் பார்த்துவிட்டோம்.

ஒரு வருஷம் முடிந்து கடைசியாக ஒரு சளி கேட்டார்கள். இப்போது சளியே இல்லை, ஆவி பிடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. லேபிலிருந்தே பாட்டில் கொடுத்திருந்தார்கள். டாக்டரம்மா என்னையும் பார்க்க வேண்டும் என்றதால் ஏழுமலையோடு அந்த வண்டியில் நானும் போனேன். லேடீஸ் பெட்டியில் ஏறப்போனேன். அவர், வா, நம்ம பெட்டிக்கே வா என்றார்.

அந்த ஆறு பேரும் இருந்தார்கள். எனக்கு ஜன்னல் ஓரம் விட்டார்கள். ஏழுமலை பாட்டிலைப் பேப்பரில் சுற்றவில்லை. கையிலேயே வைத்திருந்தார். முனுசாமி பார்த்தார்.

"இன்னா மாமே, மறுபடியும் பினாயிலா?"

"இல்ல மச்சான். என் பொண்டாட்டி சளி."

ஆவடி தாண்டியது. சீட்டைக் கையில் வைத்தபடி எல்லோரும் பாட்டிலையே பார்த்தார்கள். ஏழுமலை முழுக் கதையையும் சொன்னார். பினாயில் ஊற்றியதையும் சொன்னார். டிபி இல்லை, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது என்றும் சொன்னார். முடித்ததும் முனுசாமி தன் டப்பாவைத் திறந்தார். என்னிடம் நீட்டவில்லை, ஏழுமலையின் மடியில் வைத்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீனா நான் ஊறுகாயே கேட்டிருக்க மாட்டேனேடா" என்றார்.

கொரட்டூரில் எல்லோருடைய டப்பாவும் திறந்தது.

பத்து நாள் கழித்து முடிவைக் கேட்க ஏழுமலை லேபுக்குப் போனார். நான் வீட்டில் இருந்தேன். வழக்கமாக வருகிற வண்டியில் வரவில்லை. அடுத்த வண்டியிலும் வரவில்லை. வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். செல்வி புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டுகிற நேரத்தில் வந்தார். சென்ட்ரலில் வண்டி கிடைக்காமல் நின்றாராம். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"வளந்துகீது" என்றார்.

சுவரைப் பிடித்தேன்.

"அது இல்லமே. சாதாக் கிருமி. எல்லார் வாயிலயும் கீறதுதானாம். நம்ம லேப் ஐயா தட்ட என் கையில குடுத்துக் காட்டினாரு. பத்து நாளு வெச்சிப் பாத்துட்டாங்க, வேற எதுவும் இல்லியாம்."

பிறகு செல்வியிடம் ஒருமுறை சொன்னார். தனக்குத்தானே ஒருமுறை சொன்னார். எல்லார் வாயிலயும் கீறதுதானாம்.

செல்வி புத்தகத்தை மூடினாள். நான் உலைக்கு அரிசி களைந்தேன். ரசம் அவள் வைத்தாள். உப்பு சரியாக இருந்தது.